முகத்தில் நான் கைவைத்ததில்லை

இந்த அறையின் வெளிச்சம் யாருடைய முகத்துக்கும் நல்லதல்ல. கூரையிலிருக்கும் வெள்ளை விளக்கு நேரே உச்சந்தலையில் விழுகிறது. அதனால் கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்ததுபோல் தெரிகிறது. ஐயா, உங்களை இப்போது பார்த்தால் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் போலிருக்கிறது. என் மனைவி யசோதினி இங்கே இருந்தால் முதல் வேலையாக அந்த விளக்கை அணைக்கச் சொல்லுவாள். அவள் முகங்களோடு வேலை செய்தவள்.

மொழிபெயர்க்கிற தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இவருக்குச் சொல்லுங்கள். பொறுப்பான வேலை அது. நானும் என் மனைவிக்காக ஏழு வருடம் செய்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். வக்கீல் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். ஒளிக்கிறவனுக்குத்தான் வக்கீல் தேவை.

என் பெயர் கணேசலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு, பிறகுதான் லண்டனுக்கு வந்தோம். நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் மனேஜர். யசோதினி ஈஸ்ட் ஹாமில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கலியாணப் பெண்ணுக்கு அலங்காரம், பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியச் சடங்கு அலங்காரம் என்று சனி ஞாயிறில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நான் காரில் பெட்டிகளை ஏற்றி இறக்குவேன். பார்லருக்குப் பெரிய போர்டு வைக்கவில்லை. அவளுடைய முகமே போதும் என்று நான்தான் சொன்னேன்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. முப்பது என்றால்கூட யோசிப்பார்கள். மண்டபங்களில் சனம் என்னிடம் வந்து, "லிங்கம் அண்ணை, உங்கடை மனுசிக்கு ஒரு வருத்தமும் கிட்ட வராது, முகத்தைப் பாத்தாலே தெரியுது" என்பார்கள். நான் சிரிப்பேன். கண்பட்டுவிடும் என்ற பயம் உள்ளே இருந்தாலும் பெருமை பெருமைதான். ஒரு வீட்டில் பெண் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதற்கு அவள் முகத்தைவிட வேறு சாட்சி எதற்கு.

நானும் அப்படித்தான் நம்பினேன். முகம் நன்றாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காலையில் தேநீர் குடிக்கும்போது அவளை யன்னல் பக்கம் திரும்பச் சொல்லுவேன். நாடியில் ஒரு விரல் வைத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பேன். கண் தெளிவாக இருக்கும், தோல் மினுங்கும். அவள் சில நாட்களில் அங்கே நோகிறது, இங்கே நோகிறது என்பாள். நான் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் ஒன்றும் இருக்காது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

நோவு எதனால் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் அவளைத் திருத்துவதுண்டு.

அந்தச் சொல்லை அப்படியே மொழிபெயருங்கள், தங்கச்சி. அடி என்று சொல்லவேண்டாம். அடிப்பவர்கள் வேறு ரகம். எங்கள் சனத்திலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். கோபம் வந்ததும் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு, அடுத்த நாள் மனைவியைக் கறுப்புக் கண்ணாடியோடு கோயிலுக்குக் கூட்டிவருவார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்காது. கட்டுப்பாடில்லாத ஆட்கள். நான் கோபத்தில் கைநீட்டியதே இல்லை. கோபம் வந்தால் தேநீர் போட்டுக் குடிப்பேன். கோபம் ஆறிய பிறகு, எவ்வளவு தேவை என்று யோசித்து, அவ்வளவு மட்டும் செய்வேன்.

முகத்தில் கைவைத்ததில்லை. கலியாணமான நாளிலிருந்து இதுதான் என் சட்டம். பத்தொன்பது வருடம். காறையெலும்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. அதிலும் அவளுடைய தொழிலைப் பார்த்துத்தான் நடந்தேன். மண்டபத்துக்குப் போகும்போது அவள் முதுகு திறந்த சட்டை போட்டுச் சேலை கட்டுவாள். ஆகவே கலியாண மாதங்களில் முதுகையும் கையையும் தொடமாட்டேன். விலாவும் தொடையும் மட்டும். ஆடி மாதத்தில் கலியாணம் வராது, நீளக்கை போட்டுக்கொண்டு பார்லருக்குப் போகலாம். அப்போது கொஞ்சம் தாராளமாக இருப்பேன். இதையெல்லாம் யோசித்துச் செய்கிற கணவன் எத்தனை பேர் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

போன வைகாசியில் ஹரோவில் ஒரு கலியாணம். கமெராக்காரன் ஒருவன் யசோதினியிடம், "அக்கா, நீங்கள் கலியாணப் பொம்பிளையைவிட வடிவாயிருக்கிறியள்" என்றான். அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, பெட்டிகளை இறக்கி, தேநீரும் குடித்து முடித்தேன். பிறகு அவளைக் கராஜுக்குக் கூப்பிட்டேன். அவளும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். சேலை பட்டு, கசங்கினால் அதன் அழகு போய்விடும். அன்றைக்கு வேலைச் சப்பாத்து போட்டிருந்தேன், அது என் பிழைதான். இடப்பக்க விலாவில் மூன்றாவது உதையில் ஏதோ முறிந்தது. காய்ந்த முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். அவள் கத்தவில்லை. வாயில் துவாயைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்தும் அவளுக்கு மூச்செடுக்க ஏலவில்லை. நான்தான் எங்கள் குடும்ப டொக்டரான ஜீ.பி.யிடம் நேரம் எடுத்தேன், நான்தான் கூட்டிப்போனேன். குற்ற உணர்வு உள்ளவன் டொக்டரிடம் கூட்டிப்போவானா.

"வடிவா வெளிக்கிடும்," என்றேன். எங்கள் சனம் டொக்டரிடம் கண்டபாட்டுக்குப் போகாது. குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, பொட்டு வைத்து, தோடு போட்டுத்தான் போவோம். அழுக்காகப் போனால் வெள்ளைக்காரர் எங்களை மதிக்கமாட்டார்கள் என்று ஒரு எண்ணம். அவள் மயில்நீலச் சுரிதார் போட்டாள். கண்ணுக்கு மை வைத்தாள். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு வைத்தும் மை கோணவில்லை. அந்த விஷயத்தில் அவளை யாரும் மிஞ்ச ஏலாது.

டொக்டர் ஒரு இளம் பெண். யசோதினி உள்ளே போனதும், எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் சொன்னார். யசோதினிக்கு ஜெர்மன் தண்ணிபட்ட பாடு. ஆங்கிலம் அவ்வளவு வராது, பார்லருக்கு வருகிறவர்கள் எல்லாம் தமிழர்தான். ஆகவே நான் மொழிபெயர்த்தேன்.

என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டார். யசோதினி டொக்டரின் கண்ணை நேரே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் தமிழில் சொன்னாள்.

"இவர் சப்பாத்துக் காலாலை உதைஞ்சவர். எலும்பு முறிஞ்சுபோச்சு. என்னைக் காப்பாத்துங்கோ எண்டு சொல்லுங்கோ."

சாப்பிட்ட பிறகு வயிறு ஊதி, நெஞ்சு அடைக்கிறதாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். சட்டையைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று டொக்டருக்குத் தோன்றவில்லை. வாயுவுக்கு மாத்திரை எழுதினார். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறார் என்று கம்ப்யூட்டரில் பதிந்தார். அதை நான் திரையில் வாசித்தேன்.

ஐயா, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல். இவ்வளவு படித்த டொக்டரும் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார். அப்படியானால் நான் ஒன்றும் பெரிய பிழை செய்துவிடவில்லை. ஆவணியில் திரும்பப் போனோம், ஐப்பசியிலும் போனோம். அதே மாத்திரை.

இரண்டு கிழமைக்கு முதல் பெனிற்றா என் வேலையிடத்துக்கு வந்தாள். பார்லரில் யசோதினிக்கு உதவியாக வேலைசெய்கிற பிள்ளை, முப்பது வயதிருக்கும். கவுண்டருக்கு முன்னால் நின்று, ஆட்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணை, அக்கா உடுப்பு மாத்தேக்கை முதுகைப் பாத்தனான்," என்றாள்.

"முகத்தைப் பாத்தீரோ?"

"முகத்துக்கு என்ன, வடிவாத்தான் இருக்கு."

"அப்ப பிறகென்ன?"

அவள் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டாள். பிறகு, "முகத்தைப் பாத்துப் பாத்தே எல்லாருமாச் சேந்து அவவைச் சாகக் குடுக்கப் போறியள்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிற பிள்ளை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் யசோதினியிடம் கேட்டேன். தான் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நான் நம்பினேன், ஆனாலும் திருத்தவேண்டியிருந்தது. இடப்பக்கம்.

பெனிற்றா தானே ஜீ.பி.க்கு போன் எடுத்து, திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கி, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் எனக்கு நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

இனித் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பார்லர் பூட்டு. எனக்கு ஷிப்ட், ஆனால் பம்ப் திருத்த ஆள் வந்ததால் நிலையத்தை மத்தியானம்வரை மூடச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது இருபதுக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். யசோதினி வாசலுக்கு உள்ளே நடையில் கோட் போட்டுக்கொண்டு, ஒரு கால் சப்பாத்தோடு நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

என் கையிலிருந்த சாவி விழுந்துவிட்டது.

இடது கண் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. கன்னத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கண்டல். கீழுதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. பொட்டு இல்லை. பத்தொன்பது வருடம் நான் பாதுகாத்த முகம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"யசோ, ஆர் உம்மை அடிச்சது?" என்று கேட்டேன்.

அவள் கண் கொட்டாமல் என்னைப் பார்த்தாள். "நீங்கள்தான்," என்றாள்.

"நான் முகத்திலை தொட்டதே இல்லை."

"ஓம். கீழை கிடக்கிறதை மேலை கொண்டுவந்து வைச்சிருக்கிறன். அப்பிடியெண்டாத்தான் அவையின்ரை கண்ணுக்குத் தெரியும்."

அப்போதுதான் விளங்கியது. மேக்கப். போன வருடம் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் சிலர் அவளைக் கூப்பிட்டு, போரில் காயப்பட்ட ஆட்களுக்கு மேக்கப் போடச் சொன்னார்கள். மெழுகு வைத்து வீக்கம் செய்வாள், நிறம் குழைத்துக் கண்டல் போடுவாள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. நானே மெச்சினேன். அந்தக் கையால் என் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து என்மேல் இப்படி ஒரு பொய்யை வரைந்திருக்கிறாள்.

எனக்கு வந்தது அவமானம். கோபம் என்று எழுதவேண்டாம். நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக ஊருக்குக் காட்டப் போகிறாள். கறுப்புக் கண்ணாடிக்காரர்களோடு என்னையும் சேர்க்கப் போகிறாள்.

"போய்த் துடைச்சுப்போட்டு வாரும்," என்றேன்.

"ஏலாது."

அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. தேநீர் போடவேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே குசினிப் பக்கம் இரண்டு அடி வைத்தேன். அதற்குள் அவள் கதவுப் பிடியில் கைவைத்துவிட்டாள். நான் திரும்பினேன். அப்போது என் வலது கை கதவு நிலையில் பட்டது. அவள் சப்பாத்துத் தட்டின் மேல் விழுந்தாள். தட்டோடு சேர்ந்து தரையில் சரிந்தாள்.

அதற்குப் பிறகு உதைத்தேன். எழுதுங்கள். இடப்பக்கம், ஆறு தடவை. எண்ணித்தான் உதைத்தேன். ஐந்தாவதில் அவள் உடம்பு இறுகுவது நின்றது. வழக்கமாக அவள் வயிற்றை இறுக்கிக்கொள்வாள், காலில் அது தெரியும். அன்றைக்கு மெத்தையில் உதைக்கிற மாதிரி இருந்தது. ஆறாவது தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தூக்கிக்கொண்டு போய் சோபாவில் கிடத்தினேன். தலைக்குக் குஷன் வைத்தேன். அவளுடைய பெட்டியிலிருந்து பஞ்சும், மேக்கப் துடைக்கிற எண்ணெயும் எடுத்துவந்து பக்கத்தில் இருந்தேன். முதலில் கண். நீலம் முழுவதும் பஞ்சில் வந்தது. கீழே தோல் எப்போதும்போல் இருந்தது. நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். "பாரும், ஒண்டுமே இல்லை," என்று அவளிடம் சொன்னேன். உதட்டு வெடிப்பு சின்னத் தோல்போல உரிந்து வந்தது. கீழே அவளுடைய உதடு, சிறு கீறல்கூட இல்லை.

அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், குடிக்க ஏலவில்லை. குளிருது என்றாள். கோட்டை மேலே போட்டேன். "வயிறு கல்லுமாதிரி இருக்கு. அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ," என்றாள்.

"இந்த முகத்தோடை சனத்துக்கு முன்னாலை போகேலாது. கொஞ்சம் பொறும்," என்றேன்.

கன்னம்தான் கஷ்டம் கொடுத்தது. பச்சையும் மஞ்சளும் போய்விட்டன. அதற்குக் கீழே இன்னொரு நிறம் இருந்தது. முதலில் சிவப்பாக, பிறகு கருநீலமாக. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தேன். பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை. துடைக்கத் துடைக்க வீக்கம் கூடிக்கொண்டு போனது. மெழுகாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அவள் முனகினாள், வலியால் இருக்காது, அதற்குள் நித்திரைத் தூக்கம் வந்துவிட்டது அவளுக்கு.

கொஞ்சநேரத்தில் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தி நிறம். அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, நோயாளிபோல் இருந்தாள். பெட்டியிலிருந்து ரூஜ் எடுத்துக் கன்னத்தில் மெல்லப் பூசினேன். உதட்டுக்குக் கொஞ்சம் சாயம். பொட்டு வைத்தேன், நேராக வர மூன்று தடவை எடுத்தது. பிறகு பார்த்தேன். நல்ல சுகமாக இருக்கிறவள்போல் தெரிந்தாள். அதனால்தான் அவசரப்படவில்லை. கைகழுவி, பஞ்செல்லாம் குப்பையில் போட்டு, பதினொன்று பத்துக்கு மனைவி விழுந்துவிட்டாள் என்று போன் எடுத்தேன். ஒன்பது இருபதிலிருந்து பதினொன்று பத்துவரை என்ன செய்தாய் என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். இதுதான் செய்தேன்.

அம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண்ணும் ஆணும். முகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் கழுத்தில் விரல் வைத்தார், உடனே கத்தரிக்கோல் எடுத்துச் சட்டையை மேலிருந்து கீழே வெட்டினார். லண்டனுக்கு வந்த ஏழு வருடத்தில் அவளுடைய சட்டையைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது யசோதினி செத்துப்போயிருந்தாள்.

இப்போது பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டொக்டரின் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். ஒத்துக்கொள்கிறேன். விலா எலும்பு நாலு முறிந்ததும், பழைய முறிவுகள் ஏழும் என்னால்தான். மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் நிறைந்ததும் என்னால்தான். நான்தான் அவளைக் கொன்றேன். இதற்கெல்லாம் கையெழுத்து வைக்கிறேன், பேனையைத் தாருங்கள்.

ஆனால் இடது கன்ன எலும்பு உடைந்திருக்கிறது, ஒரு முஷ்டியின் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள். என் வலது கை வீங்கியிருப்பது கதவு நிலையில் பட்டதால் என்று முன்னமே சொல்லிவிட்டேன். தங்கச்சி, இதை மட்டும் கவனமாக மொழிபெயருங்கள். கன்னம் யசோதினியின் வேலை. இரண்டு மணித்தியாலம் துடைத்தும் போகவில்லை, அவ்வளவு கெட்டிக்காரி.